வெண்கண்டல் மரபணு நெல்லுக்கு வந்த வழி: மரபணுப் பொறியியல் முதல் பாடம்

பிச்சாவரத்தில் படகேறினால் வெண்கண்டல் இலையொன்றை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியே வெளியே தள்ளுகிறது. வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வயலில் அதே உப்பு ஏறினால் நெல் கருகிவிடும். கண்டலின் தாக்குப்பிடிக்கும் திறனில் கொஞ்சம் நெல்லுக்குத் தரலாமா என்று சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடா குழுவினர் முயன்றார்கள்.

1. மரபணுவைத் தேர்ந்தெடுத்தல்

உப்பு மிஞ்சும்போது செல்லுக்குள் சூப்பர் ஆக்சைடு பெருகிச் சிதைக்கும். அதைத் தணிக்கும் நொதி, சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ். வெண்கண்டலிலிருந்து எடுத்தது இந்த நொதிக்கான மரபணுவைத்தான். உப்பை வெளியேற்றும் வித்தையை அல்ல. ஒரு மரபணு வந்தால் நெல் கண்டலாகிவிடாது.

2. வெட்டி ஒட்டுதல்

பாக்டீரியாக்கள் தம்மைத் தாக்கும் வைரஸின் டி.என்.ஏ.வை நறுக்க வைத்திருக்கும் கத்தரிக்கோல், தடைகட்டு நொதி. ஒவ்வொரு நொதியும் தனக்குரிய எழுத்து வரிசையைக் கண்டால் மட்டுமே வெட்டும். 'இகோ ஆர் ஒன்' நொதிக்கு அது ஜி-ஏ-ஏ-டி-டி-சி. வெட்டிய முனைகளில் ஒற்றை இழை நீட்டிக்கொண்டிருக்கும். பாக்டீரியாவின் வட்ட டி.என்.ஏ.வான பிளாஸ்மிட்டையும் அதே நொதியால் வெட்டினால் மரபணு, பிளாஸ்மிட் இரண்டின் முனைகளும் பொருந்தும். லைகேஸ் நொதி பசையாக நின்று இணைத்துவிடும். இப்படி இணைந்ததே மறுகூட்டிணைவு டி.என்.ஏ. 1973-இல் ஸ்டான்லி கோஹெனும் ஹெர்பர்ட் போயரும் இதைச் செய்து காட்டினார்கள்.

3. செடிக்குள் ஏற்றுதல்

அக்ரோபாக்டீரியம் என்ற மண் நுண்ணுயிர் தன் டி.என்.ஏ.வைச் செடிக்குள் செலுத்திக் கழலை உண்டாக்கும். கழலைக்கான மரபணுக்களை நீக்கிவிட்டு நம் சரக்கை ஏற்றினால் அதுவே வண்டி. எல்லாச் செல்லிலும் சரக்கு சேராது என்பதால், நுண்ணுயிர்க்கொல்லியைத் தாங்கும் மரபணு ஒன்றையும் கூடவே அனுப்புவார்கள். மருந்து கலந்த ஊடகத்தில் பிழைத்த செல்களிலிருந்துதான் நாற்று வளர்ப்பார்கள்.

4. சோதனை

முடிவுகள் 2008-இல் வெளியாயின. மரபணு ஏறியது பூசா பாசுமதி-1 ரகத்தில். அது காவிரி டெல்டாவில் நடும் ரகமல்ல என்பதால் டெல்டாக்காரருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மாற்றிய செடிகள் உப்பையும் வறட்சியையும் கூடுதலாகத் தாங்கின. ஆனால் இந்தியாவில் விற்பனைக்குப் பயிரிடப்படும் மரபணு மாற்றுப் பயிர் பருத்தி மட்டுமே.

இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்

டெல்டாவில் பலரும் நடும் சி.ஆர். 1009 சப் 1 நெல், ஏறக்குறைய இரண்டு வாரம் மூழ்கினாலும் தாங்கும். அந்தக் குணத்தின் மூலம் ஒடிசாவின் பழைய நெல். நெல்லோடு நெல்லைக் கலப்புச் செய்து, டி.என்.ஏ. அடையாளத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ரகம் அது. கத்தரிக்கோலும் பசையும் அதற்குத் தேவைப்படவில்லை.