எந்த எடைக்கல் வைத்து நிறுத்தாய்?

தம்பி,

குத்துச்சண்டையில் மேரி கோம் பெரியவரா, நிகத் ஜரீன் பெரியவரா என்று நீ எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இருவரும் யார், எங்கிருந்து வந்தார்கள் என்பதெல்லாம் நமக்குள் பேச வேண்டியதில்லை. “ஆறு உலகப் பட்டம் பெரிதா, இரண்டு பெரிதா? குழந்தைகூடச் சொல்லும்” என்று ஒரே வரியில் வழக்கை முடித்துவிட்டாயே, அந்த வரிதான் என்னை எழுத வைத்தது. தஞ்சாவூர் மண்ணில் பிறந்தவன் இப்படி எழுதலாமா? பட்டம் என்றால் நமக்கு வென்ற பட்டம் மட்டுமா, விதைக்கும் பருவமும் பட்டம்தானே. குறுவையில் கண்ட மூட்டையையும் சம்பாவில் கண்ட மூட்டையையும் பருவம் சொல்லாமல் கூட்டிக் காட்டினால் நம் ஊரில் ஒருவரும் கணக்கை ஏற்கமாட்டார்கள். மேரி பெரியவர் என்ற உன் முடிவில் எனக்கு மறுப்பே இல்லை. அதற்கு நீ சொன்ன காரணம்தான் தவறு. சரியான காரணம் உன் கட்டுரையிலேயே இருக்கிறது. “லண்டனில் வெண்கலத்தோடு திரும்பினார்” என்று அரை வரியில் அதைத் தாண்டிப் போய்விட்டாய்.

ஃப்ளைவெயிட் என்ற எடைப்பிரிவைப் ‘பறக்கும் எடை’ என்று மொழிபெயர்த்திருக்கிறாய். அந்த ஃப்ளை, ஈ. அதைத் தமிழாக்க வேண்டிய தேவையே இல்லை. 51 கிலோ என்று எழுதியிருந்தால் போதும். எடையைப் பற்றி நான் ஓயாமல் பேசுகிறேன் என்று உனக்குத் தோன்றும். சிறிய எடைக்காரர்களை அளக்க வேறு வழியே இல்லை என்பதால்தான் பேசுகிறேன். நூறு கிலோ உடம்புக்கு ஐந்து கிலோ கூடினால் வெளியே தெரியாது. 46 கிலோ உடம்புக்கு ஐந்து கிலோ என்பது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். மேரி 2002இல் அண்டாலியாவில் வென்றது 45 கிலோவில். 2005, 2006, 2008 மூன்றும் 46 கிலோவில். 2010இல் பிரிட்ஜ்டவுனில் 48 கிலோ. ஒலிம்பிக்ஸில் பெண்கள் குத்துச்சண்டைக்கு முதன்முதலாக இடம் கிடைத்தது 2012இல், லண்டனில். அதுவும் 51, 60, 75 என்று மூன்றே எடைகள். உலகத்தையே வென்ற எடைக்கு அங்கே இடமில்லை. 51 கிலோவுக்கு ஏறு, இல்லாவிட்டால் வீட்டில் இரு என்பதுதான் நிலைமை.

ஏறிப்போய் யாரைச் சந்தித்தார் என்று பார். 2008இல் நிங்போ நகரில் மேரி 46 கிலோ தங்கம் வாங்கிய அதே போட்டியில், 54 கிலோ இறுதிச்சுற்றில் மோதியவர்கள் போலந்தின் கரோலினா மிகால்சுக்கும் இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸும். மிகால்சுக் வென்றார். நான்கே ஆண்டில் அந்த இருவரும் 51க்கு இறங்கிவந்தார்கள், மேரி ஏறிவந்தார். லண்டனில் மிகால்சுக்கை மேரி 19–14 என்று வென்றார். அரையிறுதியில் ஆடம்ஸிடம் 6–11 என்று தோற்றார். தங்கம் ஆடம்ஸுக்குப் போனது. எட்டு கிலோ தள்ளி நின்று உலகப் பட்டத்துக்கு மோதிய இருவரையும் ஒரே வாரத்தில் சந்தித்து, ஒருவரைச் சாய்த்துவிட்டு வாங்கிய வெண்கலம் அது. ஆறு தங்கத்தில் எதை எடுத்து அதற்கு எதிர்த்தட்டில் வைத்தாலும் எனக்கு வெண்கலத்தட்டுதான் தாழ்கிறது.

அந்தக் காலத்தில் பெண்கள் குத்துச்சண்டையில் நல்ல எதிரிகளே குறைவு, அதனால் பட்டங்கள் மலிவு என்று உன் வயதுக்காரர்கள் சொல்வதுண்டு. முதல் பட்டத்துக்கு வேண்டுமானால் அதை ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். ஆனால் மேரி 2007இல் இரட்டைக் குழந்தைகள் பெற்று, மறு ஆண்டே நிங்போவில் வென்றவர். முதல் பட்டத்துக்குப் பதினாறு ஆண்டு கழித்து, 2018இல் டெல்லியில், உக்ரைனின் ஹன்னா ஒஹோத்தாவை 5–0 என்று வென்றவர். அதற்குள் இந்த விளையாட்டு ஒலிம்பிக்ஸ் கண்டு, நாடுகள் பணம் கொட்டி, எதிரிகள் பெருகியிருந்தார்கள். மலிவு என்ற வாதம் அங்கே நிற்காது.

நிகத்துக்கு வழி எதிர்த்திசையில் அமைந்தது. 2022இல் இஸ்தான்புல்லில் 52 கிலோவில் உலகப் பட்டம் வென்றவர், பாரிஸ் ஒலிம்பிக்ஸில் அந்த எடை இல்லாததால் 50க்கு இறங்கினார். இறங்குவது சுலபம் என்று எழுதியிருக்கிறாய். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள் என்பதும், மழை பெய்தால் அதை 22 ஆகத் தளர்த்தச் சொல்லி டெல்டா மாவட்டங்களே மன்றாடும் என்பதும் உனக்குத் தெரியாததா? தராசு காட்டுவது நெல்லோடு சேர்த்துத் தண்ணீரையும்தான். 50க்கு இறங்குகிறவர் உடம்பின் தண்ணீரை வற்றவைத்துத் தராசில் ஏறி, அந்த வறட்சியோடு களத்துக்குப் போகிறார். அப்படி இறங்கித்தான் 2023இல் டெல்லியில் இரண்டாவது உலகப் பட்டம் வாங்கினார். பாரிஸில் அவருக்குத் தரவரிசை இடம் தரப்படவில்லை. இரண்டாவது ஆட்டத்திலேயே 52 கிலோ உலகச் சாம்பியன் சீனாவின் ஊ யூ எதிரே வந்தார். 0–5 தோல்வி. ஊ யூ தங்கம் வாங்கினார். இதை “சறுக்கல்” என்று ஒரு சொல்லில் எழுதுவது நியாயமில்லை.

அடுத்து, 2019 டிசம்பர் தகுதிப் போட்டி. மேரி நிகத்தை 9–1 என்று வென்றதைச் சாட்சியாக நிறுத்துகிறாய். ஒருநாள் ஆட்டம் சாட்சியானால், இதற்கும் பதில் சொல்: கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவை மேரி 2019 உலகப் போட்டியில் 5–0 என்று வென்றார், டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அதே வலென்சியாவிடம் 2–3 என்று தோற்றார், 2023இல் நிகத் அவரை 5–0 என்று வென்றார். இந்தச் சங்கிலியைப் பிடித்துப் போனால் யார் பெரியவர் என்று கிடைக்கும்? அவரவர் அன்றைய வயதும் உடம்பும்தான் கிடைக்கும். 37 வயதுக்காரர் 23 வயதுக்காரரை வென்றார் என்பது மேரிக்குப் பெருமை. வாய்ப்பைத் தானமாகக் கேட்காமல், அந்தத் தகுதிப் போட்டியை வையுங்கள் என்று விளையாட்டு அமைச்சருக்குக் கடிதம் எழுதிக் கேட்டது நிகத்துக்குப் பெருமை. இரண்டாவதை நீ எழுதவே இல்லை.

நம் நாட்டுக் குத்துச்சண்டையின் நல்ல நாட்கள் பெரும்பாலும் சிறிய உடம்புக்காரர்கள் கொடுத்தவை. 1994இல் பாங்காக் உலகக் கோப்பையில் நம் தேவராஜன் வாங்கிய வெண்கலத்தை இன்று எத்தனை பேர் நினைக்கிறார்கள்? நான்கு ஆண்டு கழித்து அதே பாங்காக்கில், ஆசிய விளையாட்டில், 54 கிலோவில் டிங்கோ சிங் தங்கம் வென்றார். அதைப் பார்த்துத்தான் மணிப்பூரில் மேரி கையுறை மாட்டினார். டிங்கோவுக்கு ஒலிம்பிக்ஸ் பதக்கம் இல்லை, உலகப் பட்டம் இல்லை. உன் எண்ணிக்கைக் கணக்கில் அவருக்கு ஒரு வரிகூடக் கிடைக்காது.

இவ்வளவு சொன்ன பிறகும், இஸ்தான்புல் இறுதி ஆட்டத்தை நீ எழுதிய அந்தப் பத்தியை என்னால் மறக்க முடியவில்லை. நிகத் கைக்கெட்டும் தூரத்துக்கு ஒரு விரல் வெளியே நின்றுகொண்டு தாய்லாந்துக்காரியை வரவிட்டு அடிப்பதை, தமிழில் இவ்வளவு துல்லியமாக எழுதி நான் படித்ததில்லை. ஒரு உவமை இல்லை, ஒரு ‘சிங்கப்பெண்’ இல்லை. கால் எங்கே, தோள் எங்கே என்று மட்டும் எழுதியிருக்கிறாய். அதே கண்ணால் லண்டனின் மிகால்சுக் ஆட்டத்தைப் பார்த்து எழுதி எனக்கு அனுப்பு. நிங்போ தங்கத்தை 48 கிலோ என்று அச்சிட்டிருக்கிறாய்; அது 46. அடுத்த இதழில் திருத்தம் போடச் சொல்.