பரணில் இருப்பதை முதலில் இறக்கு

வீடு மாறின முதல் மாதம் ஒன்றும் வாங்காதே. திரைச்சீலை கூட வேண்டாம். பழைய வேட்டி இரண்டை ஜன்னலில் கட்டி ஒப்பேற்று. இத்தனை வருஷம் பெங்களூரில் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, ஸ்ரீரங்கத்தில் சொந்தமாக ஒரு ஃபிளாட் என்றதும் கை பரபரக்கும், தெரியும். நீ போனில் அனுப்பிய சோபா படமும் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஹாலில் காலை வெயில் எந்த ஜன்னல் வழியாக வருகிறது, மத்தியானம் எந்தச் சுவர் அனலடிக்கிறது, குழந்தை எந்த மூலையில் போய்ப் படம் வரைகிறது என்று தெரியாமல் சோபாவை எங்கே போடுவாய்?

இன்னொன்று, நம் ஊர்க் காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற மேற்குக் காற்று திருச்சியையே உலுக்கிவிடும். இரண்டு ஆற்றுக்கு நடுவில் இருக்கிற உன் வீட்டுக்கு மணலையும் சேர்த்தே கொண்டுவரும். மேற்கு ஜன்னல் பக்கம் திறந்த அலமாரி போட்டுப் புத்தகம் அடுக்கினால் ஆடி முடிகிற வரைக்கும் தூசு தட்டுவதே உத்தியோகமாகிவிடும். அந்தச் சுவரில் கதவு வைத்த அலமாரி, கிழக்குச் சுவரில் திறந்த அலமாரி. இதை எந்த இன்டீரியர்காரரும் சொல்ல மாட்டார். அவர் போட்ட படத்தில் காற்று அடிக்காது.

வாங்குவதற்கு முன்னால் பரணைக் காலி பண்ணு. ஜப்பானின் மரி கோண்டோ, 2019இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தாரே, ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து மனசுக்குச் சந்தோஷம் தருகிறதா என்று பார்க்கச் சொல்வார். நல்ல யோசனைதான். ஆனால் நம் வீட்டுப் பரணில் இருப்பதில் பாதி நம்முடையது இல்லை. உன் மாமியாரின் சீர்ப் பாத்திரத்தைக் கையில் எடுத்து உனக்குச் சந்தோஷம் வரவில்லை என்று எடைக்குப் போட்டுவிட்டு வந்து பார், வீட்டில் யாருக்கும் சந்தோஷம் இருக்காது. அவரவர் பொருளை அவரவர்தான் கழிக்க வேண்டும். நீ உன்னுடையதை மட்டும் எடு. நான் வேறு கேள்வி கேட்பேன்: இதை அடுத்த வாரம் தொடுவாயா? பிடித்தது என்றால் தொட்டுப் புழங்க வேண்டும். ‘விசேஷத்துக்கு’ என்று கட்டிப்போட்டு வைத்திருப்பதெல்லாம் பயத்தில் வைத்திருப்பது.

அம்மா உனக்குக் கொடுத்த ஈயச்சொம்பு இன்னும் செய்தித்தாளில் சுற்றியபடியே இருக்கிறது, இல்லையா? அதை முதலில் இறக்கு. ரசம் அதில் வைத்தால்தான் ரசம். உருகிவிடும் என்று பயந்துதானே வைத்திருக்கிறாய்? வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், கேஸ் அடுப்புத் தீ அதைவிடப் பல மடங்கு சூடு. எனவே வெறும் சொம்பை அடுப்பில் வைக்கவே கூடாது. புளித்தண்ணீரையோ பருப்புத் தண்ணீரையோ ஊற்றிவிட்டு அப்புறம் அடுப்பைப் பற்றவை. உள்ளே தண்ணீர் இருக்கிற வரைக்கும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, சொம்புக்கு ஆபத்தில்லை. தீ நடுவில் மட்டும் எரியட்டும், பக்கவாட்டில் ஏற விடாதே. நுரை கட்டியதும் இறக்கிவிடு, தாளிப்பைத் தனிக் கரண்டியில் செய்து கொட்டு. புதிதாக வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு, காரீயம் விஷம். சொம்பின் விளிம்பை வெள்ளைத் தாளில் அழுத்தி இழுத்துப் பார்த்தால் காரீயம் சாம்பல் நிறக் கோடு போடும். கோடு விழுந்தால் வாங்காதே. கோடு விழாவிட்டாலும் கொஞ்சம் கலந்திருக்கலாம் என்பதால் நம்பிக்கையான கடையில் ரசீதோடு வாங்குவதுதான் சரி.

கல்சட்டிக்கும் இதே கதைதான். சேலம் பக்கத்து மாக்கல்லில் குடைந்தது. வாங்கி வந்த அன்றே வத்தக்குழம்பு வைத்தால் விரிசல் விட்டுவிடும். விளக்கெண்ணெயில் மஞ்சள் குழைத்து உள்ளும் புறமும் தடவி ஒருநாள் விடு. கழுவிவிட்டுச் சுடச்சுடச் சாதம் வடித்த கஞ்சியை ஊற்றி வை, ஆறினதும் கொட்டிவிட்டு மறுநாள் மறுபடி ஊற்று. ஒரு வாரம் இப்படிப் பழக்கினால் வெளிறின சாம்பல் நிறம் மாறிக் கறுக்கத் தொடங்கும். அப்புறம் சிறு தீயில் ஆரம்பி. அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். அதனால் கொஞ்சம் முன்னாலேயே அணைத்துவிடு. சோப்பு போட்டுத் தேய்க்காதே, சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் விடாதே. இவ்வளவு பாடுபட்டுப் பழக்கின சட்டியை நீ யாருக்கும் தூக்கிக் கொடுக்க மாட்டாய். பிடித்தம் வருவது அப்படித்தான், கடையிலேயே வந்துவிடாது.

பித்தளை அண்டா, தவலை இருந்தால் உள்ளே ஈயம் பூசாமல் புளி, தயிர் பக்கம் போகாதே. சமைக்க முடியாவிட்டால் மணச்சநல்லூர்ப் பொன்னி அரிசிச் சிப்பத்தைப் பிரித்துத் தவலையில் கொட்டி, காய்ந்த வேப்பிலை போட்டு மூடி வை. தினமும் கை போகிற இடமாகிவிடும். பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து உள்ளே பல்ப் மாட்டுவது, உருளிமேல் கண்ணாடி வைத்து டீப்பாய் ஆக்குவது எல்லாம் ஓட்டல் வரவேற்பறைக்குப் பொருந்தும். நம் வீட்டில் யாரை வரவேற்கப் போகிறோம், பக்கத்து ஃபிளாட் மாமியையா?

துணிக்கு வா. வீட்டை மாற்றுவதற்கு மலிவான வழி துணிதான். அதற்கு ஆன்லைனில் தேடாதே, உறையூர் பஸ் ஏறு. அங்கே இன்னும் தறி ஓடுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளஸ் நூலில் வருகிற மெல்லிய துணி உறையூருடையதுதான் என்று வரலாற்றுக்காரர்கள் கருதுகிறார்கள். அந்த ஊர்க் காட்டனை உடுத்தாமல் நாம் எதற்குத் திருச்சியில் இருக்கிறோம்? உறையூர்ச் சேலையானாலும் மணமேட்டுச் சேலையானாலும் முதல் தடவை உப்புத்தண்ணீரில் தனியாக அலசு, நிழலில் உலர்த்து, கஞ்சி லேசாகப் போடு. வருஷக்கணக்கில் கட்டி நைந்து, உடம்புக்கு இதமாகிவிட்ட சேலையைத் தூக்கிப் போடாதே. ஐந்தரை மீட்டர் சேலையை நாலாக வெட்டி மடித்துத் தைத்தால் நாலடி உயர ஜன்னல் இரண்டுக்குத் திரைச்சீலை ஆகிவிடும். முந்தானை வருகிற துண்டை ஹால் ஜன்னலுக்கு வை. கடைத் திரைச்சீலைபோல வெயிலை முழுசாக மறைக்காது, படுக்கையறைக்கு உள்ளே ஒரு காடா துணி சேர்க்க வேண்டியிருக்கும். ஆனால் காலை ஏழு மணி வெளிச்சம் அந்தச் சேலை வழியாக வந்து தரையில் விழுகிறபோது காபியை ஆற விட்டுவிடுவாய்.

அந்தத் தரைக்கு ஒரு கோரைப்பாய். முசிறி, தொட்டியம் பக்கம் காவிரிக்கரையில் கோரை விளைகிறது, பாய் நெய்கிறார்கள். முசிறிக்குச் சுமார் 40 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய்விட்டு வரலாம். வாங்கும்போது பாவு பருத்தி நூலா நைலானா என்று கேள். நைலான் நாள்பட உழைக்கும், நூல் உடம்பை உறுத்தாது. எது வேண்டும் என்று நீயே முடிவு பண்ணு. நனைய விடாதே, நனைந்தால் பூசணம் பிடிக்கும். மடிக்காதே, சுருட்டு. சித்திரை வெயிலில் சோபாவில் உட்கார முடியாது, முதுகு வேர்க்கும். எல்லோரும் தரைக்குத்தான் இறங்கி வருவார்கள். சோபாவை ஒரு கோடை பார்த்துவிட்டு வாங்கு என்று சொல்வது இதற்காகத்தான்.

கோடைக்கு இன்னொன்று, தண்ணீர்ப் பானை. சன்னமான துளை வழியாக நீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டை எடுத்துக்கொண்டு போகும், அதனால் குளிர்ச்சி. ஃப்ரிட்ஜ் பக்கத்து மூலையில் திணித்தால் எப்படிக் குளிரும்? காற்று வருகிற நிழலில், ஈர மணல்மேல் வை. நம் ஊர் உப்புத் தண்ணீரில் துளை அடைத்துக்கொள்ளும். அடுத்த கோடைக்குப் புதுப் பானைதான். பழையதில் செடி வை.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளை உனக்கு ரொம்பப் பிடிக்கும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை. சுஜாதாவின் கதைகளைப் படித்துவிட்டுக் கீழச் சித்திரை வீதியைத் தேடி வருகிறவர்களும் அந்தத் திண்ணையைத்தான் தேடுகிறார்கள். ஆயிரம் சதுர அடி ஃபிளாட்டில் தூண் வைத்த மாதிரி பிளைவுட்டில் ஜோடிக்காதே. அது பரிதாபமாக இருக்கும். திண்ணை எதற்கு இருந்தது என்று யோசி. வாசலோடு வந்தவர் உள்ளே வராமல் உட்கார்ந்து பேசிவிட்டுப் போக. உன் வாசல் கதவுக்கு உள்பக்கம் ஒரு நீளமான மர பெஞ்சு போட்டால் அந்த வேலை முடிந்தது. கீரை விற்கிற அம்மாவும் உட்காரலாம், பள்ளியிலிருந்து வந்த பிள்ளை ஷூ கழற்றலாம். பெஞ்சுக்கு அடியில் செருப்பு, பக்கத்தில் குடைக்கு ஒரு கொக்கி, ரேழியும் வந்துவிட்டது. முற்றத்துக்கு வெளிச்சமும் தண்ணீரும்தான் உயிர், அது உன் பால்கனி. அதை வாஷிங் மெஷினுக்கும் பழைய அட்டைப் பெட்டிக்கும் தாரை வார்க்காதே.

பால்கனிக்குச் செடி வாங்குமுன் மேலூரில் இருக்கிற வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போ. 2015இல் திறந்தது, உன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி வருகிறது என்று பார்த்துவிட்டு வெட்சி, நந்தியாவட்டை என்று தொட்டிக்குத் தகுந்ததாக எடு. கறிவேப்பிலை கட்டாயம் வை. அதன் இலையில் பறவை எச்சம் என்று நீ துடைக்கப் போவது நகர்ந்தால் கையை எடுத்துவிடு. பட்டாம்பூச்சியின் புழு அது. வளர வளரப் பச்சையாகி நாலு கொத்து இலையைத் தின்றுவிடும். தின்னட்டும், சாம்பாருக்குக் காந்தி மார்க்கெட்டில் கறிவேப்பிலை கிடைக்காமலா போய்விடும்?

பூ விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. கட்டிய சரமாக முழம் கணக்கில் வாங்காமல், சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டில் காலையில் உதிரியாக வாங்கு. எட்டரை, கோப்பு பக்கத்து மல்லி மொட்டாக வரும். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக் கிழித்து, கால் நீட்டி உட்கார்ந்து தொடு. மறந்திருந்தால் உன் மாமியாரைக் கேள். சீர்ப் பாத்திரத்தில் வராத சமாதானம் இதில் வரும்.

பொருளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். பொழுது இல்லாவிட்டால் பொருள் என்ன செய்யும்? சமையலறை மேடையில் ஒரு சின்ன ரேடியோ வை. திருச்சி வானொலி 1939இலிருந்து பேசிக்கொண்டிருக்கிறது, உன் போன்போல இடையில் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாது. கச்சேரி, நாடகம் என்றால் ரசிக ரஞ்சன சபா இருக்கிறது, 1914இல் எஃப்.ஜி. நடேசய்யர் ஆரம்பித்தது. தைத் தேர் உத்தர வீதியிலும் சித்திரைத் தேர் சித்திரை வீதியிலும் ஓடும். அந்த இரண்டு நாளும் ஆபீசுக்கு இப்போதே லீவு சொல்லிவிடு. ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் போகாதே, கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்துவிடுவாய். மறுநாள் போ. தண்ணீர் அதேதான் ஓடும்.

கடைசியாக, வீட்டை நிரப்புவது நாம் வாங்குவது மட்டுமில்லை, மற்றவர்கள் கொடுப்பதும். கிரகப்பிரவேசத்துக்கு வரும் சுவர்க் கடிகாரங்கள், கல்யாணத் தாம்பூலப் பைகள், நவராத்திரியில் சேர்கிற பிளாஸ்டிக் கிண்ணங்கள். வந்த வாரத்திலேயே பிரித்துப் பார்த்து யாருக்கு உதவுமோ அவருக்குக் கொடுத்துவிடு. பரணுக்கு ஏற்றினால் அது இறங்காது. யாராவது முன்கூட்டிக் கேட்டால் கூச்சப்படாமல் சொல்: சிங்காரத்தோப்புப் பூம்புகாரில் ஒரு கொலு பொம்மை போதும் என்று. வருஷத்துக்கு ஒன்று சேர்ந்தாலே படி நிறைந்துவிடும். நீ வெற்றிலைபாக்கோடு மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது தீர்ந்துபோகிற பொருளாகக் கொடு. அன்று காலை அரைத்த காப்பித்தூள் கால் கிலோ, அல்லது மணப்பாறை முறுக்கு. அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து கொடுக்கிறவருக்கும் கொஞ்சம் பெருமை. எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுக்காதே, காகிதப் பையே போதும். டப்பாவில் கொடுத்தால் அவர்கள் அதைத் திருப்பித் தரும்போது சும்மா தர மாட்டார்கள், இன்னொரு பிளாஸ்டிக் கிண்ணம் வைத்துத்தான் தருவார்கள்.