கடைசி விநாடி வரை

இந்திய ஹாக்கி அணி ஜெயிக்கிற மாதிரி வந்து கடைசியில் கோட்டை விடுகிறது. இனி பார்க்கவே கூடாது என்று நினைத்தாலும், அடுத்த ஆட்டத்துக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன். ஏன்? – வாசகர், அறந்தாங்கி

தாராளமாக உட்காருங்கள். உங்களைப் பிடித்து வைத்திருப்பது வெற்றி இல்லை, முடிவு தெரியாத அந்தக் கடைசி நிமிடங்கள். வாடிவாசல் திறக்கும்போது காளை பிடிபடுமா என்று தெரியாததால்தானே தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டில் அத்தனை பேர் வெயிலில் நிற்கிறார்கள்? 2000 சிட்னி ஒலிம்பிக்கில் போலந்தை 1-0 என்று முந்தியிருந்தோம். இரண்டு நிமிடம்கூட பாக்கியில்லாத நேரத்தில் கோல் விழுந்தது, அரையிறுதி பறிபோனது. 2021 டோக்கியோவில் ஜெர்மனிக்கு எதிராக 5-4. ஏழு விநாடிகூட இல்லை, அவர்களுக்குப் பெனால்டி கார்னர். கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தார், 41 ஆண்டுக்குப் பிறகு பதக்கம். சிட்னியில் நொந்தவருக்குத்தான் அந்தத் தடுப்பின் அருமை முழுதாகத் தெரியும்.

இந்த ஈர்ப்பு வெறும் 8 ஒலிம்பிக் தங்கத்தின் பழம்பெருமை என்பவர்கள் உண்டு. நான் ஏற்கமாட்டேன். 1980-ல் நம் பாஸ்கரன் தலைமையில் கடைசித் தங்கம் வந்தபோது பிறந்திராதவர்களும் இன்று பார்க்கிறார்கள். பெருமைதான் காரணம் என்றால், 2008-ல் ஒலிம்பிக்குக்கே தகுதி பெறாமல், 2012-ல் 12-வதாக, கடைசியாக வந்தபோதே எல்லோரும் எழுந்து போயிருப்பார்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள்: 1-3 என்று பின்தங்கினால் டி.வி.யை அணைக்காதீர்கள். 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூரில், ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதியில், இடைவேளையின்போது மலேசியாவிடம் அப்படித்தான் பின்தங்கியிருந்தோம். முடிவு 4-3, கோப்பை நமக்கு.