அந்த மெயிலை அழிக்காதே, தம்பி

அன்புத் தம்பிக்கு,

ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிவிட்டது, பிரிண்டரும் பாஸ்வேர்டும் தவிர வேறெதுவும் பார்க்கவில்லை என்று சலித்துக்கொண்டு எழுதியிருந்தாய். கடைசிப் பாராவில் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லியிருந்தாய். குவாலிட்டி பிரிவில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அசிங்கமான மெயில்கள் வந்தன, எல்லாவற்றையும் அழித்து, அந்த முகவரியை பிளாக் செய்து கொடுத்தேன், நன்றி சொல்லிவிட்டுப் போனார் என்று. அந்தப் பாராவுக்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் வயதில் நானும் அதையேதான் செய்தேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனி. சம்பளப் பிரிவில் இருந்த பெண் ஒருநாள் சாயங்காலம் சர்வர் ரூமுக்கு வந்தார். கையில் நாலாக மடித்த ஒரு பிரின்ட் அவுட். அதை என்னிடம் நீட்டவில்லை. மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வீட்ல தெரிஞ்சா வேலைக்கு அனுப்ப மாட்டாங்க சார்" என்றார். அவருக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து, வந்திருந்த அத்தனை மெயிலையும் அழித்தேன், டிராஷையும் காலி செய்தேன். மூன்று வாரம் கழித்து வேறொரு முகவரியிலிருந்து மறுபடி வந்தது. இந்த முறை அவர் கம்பெனி பஸ் ஏறுகிற நிறுத்தத்தின் பெயரும் அதில் இருந்தது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு புகார் கொடுக்கப் போனார். பழைய மெயில்கள் எங்கே என்று கேட்டார்கள். அவரிடம் இல்லை, நான் விட்டுவைக்கவில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டார். அந்த டிராஷைக் காலி செய்த விரல் என்னுடையது என்பதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

வருகிற குப்பை எல்லாம் ஒரு வகை அல்ல. லட்சக்கணக்கான முகவரிகளுக்கு எந்திரம் அனுப்பும் ஆபாச ஸ்பாம் ஒன்று. அதற்கு இந்தப் பெண் யாரென்றே தெரியாது. பதில் போடக் கூடாது, 'அன்சப்ஸ்கிரைப்' இணைப்பைத் தொடக் கூடாது, படங்களைத் திறக்கக் கூடாது. எதைச் செய்தாலும் முகவரி உயிரோடு இருக்கிறது என்ற தகவல் அனுப்பியவனுக்குப் போய்ச் சேரும். ஸ்பாம் என்று குறித்துவிட்டு ஃபில்டரை இறுக்கினால் போதும். ஆனால் மெயிலில் அவர் பெயர், ஷிஃப்ட், ஹாஸ்டல், நேற்று உடுத்திய சுடிதாரின் நிறம் என்று ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்பாம் இல்லை. அனுப்பியவன் அவரைத் தெரிந்தவன். பல நேரம் அதே கேன்டீனில் சாப்பிடுகிறவன்.

இதைத் தெரிந்துகொள்ள மெயிலை வரி வரியாக நீ படிக்க வேண்டியதில்லை. "உங்களைப் பற்றி, வெளியாளுக்குத் தெரியாத விஷயம் ஏதாவது இதில் இருக்காம்மா?" என்று கேள். அவர் சொல்லிவிடுவார். விரும்பினால் தோழி ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளட்டும். கதவைத் திறந்தே வை.

பிறகு மெயிலின் ஹெடரை எடு. ஜிமெயிலில் மூன்று புள்ளியைத் தொட்டால் 'ஷோ ஒரிஜினல்' என்று வரும். உள்ளே 'ரிசீவ்ட்' என்று தொடங்கும் வரிகள் அடுக்கடுக்காக இருக்கும். லாரி ஒவ்வொரு கேட்டாகத் தாண்டும்போது செலானில் சீல் விழுவதைத் தினமும் பார்க்கிறாயே, அதே கதைதான். ஒவ்வொரு சர்வரும் தன் முத்திரையை மேலே மேலே குத்திக்கொண்டு போகிறது. அதனால் புறப்பட்ட இடத்தைத் தேட அடியிலிருந்து மேலே படிக்க வேண்டும். அடியில் இருக்கும் வரிகளை அனுப்பியவனே பொய்யாக எழுதியிருக்கலாம். உங்கள் சர்வர் குத்திய சீலை மட்டும்தான் முழுசாக நம்பலாம். 'ஃப்ரம்' வரியில் இருக்கும் பெயருக்கு மதிப்பே இல்லை. அதில் யார் வேண்டுமானாலும் யார் பெயரையும் எழுதலாம். அனுப்பிய முகவரி உண்மைதானா என்று சோதிக்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் பாஸா ஃபெயிலா என்று பார். ஃபெயில் என்றால் அந்த முகவரிக்காரர் அனுப்பாமலே இருந்திருக்கலாம். போய் அவர் சட்டையைப் பிடித்துவிடாதே. இணையம் வழியே ஜிமெயிலில் அனுப்பியிருந்தால் அனுப்பியவனின் ஐபி ஹெடரில் தெரியாது. அதைக் கூகுளிடம் கேட்டு வாங்குவது போலீஸ் வேலை. துப்பறிய உன்னை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. கெடாமல் காப்பாற்றிக் கொடு, போதும்.

ஸ்க்ரீன்ஷாட்டில் ஹெடர் வராது. சாதாரணமாக ஃபார்வர்டு செய்தாலும் பழைய சீல்கள் போய்விடும். மெயிலை இஎம்எல் கோப்பாக இறக்கி, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹேஷ் எண்ணைக் குறித்து வை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவு மின்னணு ஆதாரத்துக்குக் கேட்கும் சான்றிதழில் அந்த எண்ணுக்கு இடமே ஒதுக்கியிருக்கிறார்கள். சர்வர் லாகையும் பார். 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டது. உங்கள் சர்வரில் 30 நாளில் அழிகிற மாதிரி வைத்திருந்தால் இன்றே மாற்றச் சொல்.

ஒன்றில் மட்டும் கவனமாக இரு. குழந்தைகளின் ஆபாசப் படம் வந்திருந்தால் நகல் எடுக்காதே, யாருக்கும் அனுப்பாதே; உடனே போலீசுக்குச் சொல். அத்தகைய படத்தைப் பார்ப்பதும் வைத்திருப்பதும் மட்டும் குற்றமாகாது என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

எங்கே புகார் செய்வது என்று அவர் உன்னைத்தான் முதலில் கேட்பார். உடன் வேலை செய்கிறவன் மேல் சந்தேகம் என்றால் கம்பெனியின் உள் புகார்க் குழு இருக்கிறது. 2013-ம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் அது இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் அந்தக் குழுவிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். கான்ட்ராக்ட், டிரெய்னி, தினக்கூலி எல்லோரும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். உங்கள் ஒரகடம் பக்கம் பாதிப் பேர் கழுத்தில் கான்ட்ராக்டர் பெயர் போட்ட அட்டைதான் தொங்குகிறது; தங்களுக்கு அந்தக் குழு இல்லை என்றே பல பெண்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீ சொல். வெளியாள் என்றால் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம், அல்லது தேசிய சைபர் கிரைம் இணையதளம். 1930 ஹெல்ப்லைன் முக்கியமாகப் பணமோசடிக்கான எண். புகாரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ என்று எழுத விடாதே. அந்தப் பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஒழித்துவிட்டது. ஆபாசத்துக்கு அதே சட்டத்தின் 67, 67ஏ இருக்கின்றன.

புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்பார்கள். அவர்களுக்கு எழும்பூர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கைச் சொல். 2004-ல் சென்னையில் ஒரு பெண், தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி நச்சரித்தவனை மறுத்தார். அவன் அவர் பெயரிலேயே பொய் மெயில் கணக்குத் தொடங்கி, யாகூ குழு ஒன்றில் அவரைப் பற்றி ஆபாசமாக எழுதிப் போட்டான். முன்பின் தெரியாத ஆண்கள் அவருக்கு போன் செய்ய ஆரம்பித்தார்கள். அந்த வருடம் பிப்ரவரியில் புகார் கொடுத்தார். மும்பையில் இருந்த சுஹாஸ் கட்டியைச் சென்னை போலீஸ் பிடித்து வந்தது. அந்தப் பெண்ணே இதை அனுப்பியிருக்கலாம், இல்லாவிட்டால் முன்னாள் கணவர் அனுப்பியிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. சைபர் கஃபே நடத்தியவர்கள் சாட்சி சொன்னார்கள். மின்னணு ஆவணங்கள் முறைப்படி சான்றளிக்கப்பட்டு நீதிமன்றத்துக்கு வந்தன. நவம்பர் 5-ம் தேதி தீர்ப்பு: இரண்டு வருடக் கடுங்காவல். 67-வது பிரிவில் இந்தியாவிலேயே முதல் தண்டனை என்று சொல்லப்படும் வழக்கு அது. யாராவது அவருக்கு உதவுவதாக நினைத்து அந்தப் பதிவுகளை அழித்திருந்தால் எதிர்த்தரப்பின் கேள்விக்குப் பதிலே இருந்திருக்காது.

குழந்தைகள் படம் தவிர மற்ற எதிலும், போலீசுக்குப் போவதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. உன் முடிவு இல்லை, மேனேஜர் முடிவும் இல்லை. அவர் கேட்காமல் ஹெச்.ஆர். காதில் போடாதே. டீக்கடையில் பெயர் சொல்லாமல்கூடப் பேசாதே. இரண்டு வருடம் கழித்து அவர் போலீசில் புகார் கொடுக்க நினைத்தாலும் கோப்பு உன்னிடம் அப்படியே இருக்க வேண்டும்.

நீ அந்த மெயில்களை அழித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது என்று உன் கடிதத்திலிருந்து கணக்குப் போட்டேன். டிராஷைக் காலி செய்தாயா என்று நீ எழுதவில்லை. செய்யவில்லை என்றால் ஜிமெயிலில் 30 நாள் வரை அவை அங்கேயே இருக்கும். நாளைக் காலை ஷிஃப்ட் தொடங்குமுன் அந்தப் பெண்ணைப் பார்த்து, "தப்புப் பண்ணிட்டேன், திரும்ப எடுத்து வைக்கட்டுமா?" என்று கேள். இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் அண்ணன்