முதல் பிறந்தநாளுக்குள் நடந்தே ஆக வேண்டுமா?

ஒரு வயது நிறைவதற்குள் குழந்தைக்கு நடை வந்துவிட வேண்டும் என்பது நம் வீடுகளில் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. பிறந்தநாளுக்கு அழைக்கத் தொடங்கியதுமே "நடக்கிறானா?" என்ற விசாரிப்பும் தொடங்கிவிடும். வீட்டில் மூன்று வயது மூத்த பிள்ளை இருந்தால் ஒப்பிட ஆள் தேட வேண்டியதில்லை. "அக்கா பத்து மாசத்துலயே ஓடினா, இவன் இன்னும் சுவரைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறானே" என்று மாமியாரோ சித்தியோ சொல்லும்போது, பெற்றவளுக்கு அது குற்றச்சாட்டாகவே காதில் விழுகிறது. அதே விருந்தில், இரண்டரை வயதாகியும் பேசாத இன்னொரு பிள்ளையைப் பார்த்து, "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும், அவங்கப்பாவும் அப்படித்தான்" என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார்கள். முதல் வீட்டுக்குத் தேவையில்லாத கவலை கிடைக்கிறது; இரண்டாவது வீட்டிலோ நியாயமான கவலையை அடக்கிவிடுகிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். வளர்ச்சியை நாள்காட்டியின் ஒரு தேதியை வைத்தோ, குடும்பத்தில் முன்பு வளர்ந்த ஒருவரை வைத்தோ அளக்கிறோம். ஆனால் ஒவ்வொரு திறனுக்கும் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வரம்பு இருக்கிறது. அந்த வரம்புக்குள் அவசரப்படக் காரணம் இல்லை. அதைத் தாண்டிய பின் காத்திருக்கவும் காரணம் இல்லை.

இந்த வரம்பு ஊகம் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் குழந்தைகளின் வளர்ச்சியைப் பின்தொடர்ந்தது. இந்தியாவில் அதற்குத் தேர்வான இடம் தெற்கு டெல்லி. அந்த ஆறில் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் 816 குழந்தைகள் எப்போது உட்கார்ந்தார்கள், தவழ்ந்தார்கள், நின்றார்கள், நடந்தார்கள் என்ற கணக்கு 2006இல் வெளியானது. தாய்ப்பால் குடித்த, வறுமையோ பெரிய நோயோ இல்லாத வீட்டுக் குழந்தைகள் இவர்கள். ஆகவே நலிந்த பிள்ளைகளைச் சேர்த்ததால் வரம்பு நீண்டுவிட்டது என்று சொல்ல முடியாது. பிடிமானம் இல்லாமல் உட்காரும் வரம்பு 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை. தனியாக நடக்கும் வரம்பு 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. நடுப்புள்ளி 12 மாதம். அதாவது முதல் பிறந்தநாளன்று, ஆரோக்கியமான குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் தனியாக நடப்பதில்லை. பத்து மாதத்தில் ஓடிய அக்காவும் பதினாறு மாதத்தில் முதல் அடி வைக்கும் தம்பியும் ஒரே வரம்புக்குள்தான் இருக்கிறார்கள். இன்னொன்றையும் அந்த ஆய்வு காட்டியது. நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று மேல், கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே நடந்துவிட்டார்கள். "தவழாம நடந்தா ஆகாது" என்று கலங்குகிறவர்களுக்கு இதுவே பதில்.

மாதக் கணக்கு வைத்துக் குழந்தையைப் பார்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்தது. ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கையும் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதம்; உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம்; நடந்து வரும் வருகைப் பருவம் பன்னிரண்டாம் மாதம் என்றும் பதின்மூன்றாம் மாதம் என்றும் சொல்வார்கள். பெரும்பாலான குழந்தைகள் எப்போது செய்கின்றன என்பதைக் கூர்ந்து பார்த்து வைத்த கணக்கு அது. எந்தக் குழந்தையையும் தேர்ச்சி, தோல்வி என்று பிரிப்பதற்காக வைத்ததல்ல. பிரித்துப் பார்க்கும் வேலைக்கு நம் அண்டையிலேயே அருமையான கருவி ஒன்று உருவானது. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் மருத்துவர் எம்.கே.சி. நாயரும் உடன் பணியாற்றியவர்களும் தயாரித்து 1991இல் வெளியிட்ட அட்டவணை அது. பிறப்பு முதல் இரண்டு வயது வரை பதினேழே செயல்கள். முகம் பார்த்துச் சிரிப்பது, கைக்குக் கை பொருளை மாற்றுவது, கைகொட்டுவது, தனியாக நடப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கிடைக்கோட்டுப் பட்டை. குழந்தையின் வயது எதுவோ அந்த இடத்தில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கத்தில் முடிந்துபோன பட்டைகளில் உள்ளதை எல்லாம் குழந்தை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். பென்சில் குறுக்கே ஓடும் பட்டைகளைப் பற்றிக் கவலை இல்லை. மூத்த பிள்ளை என்ன செய்தது என்பதற்கு அந்தத் தாளில் இடமே கிடையாது.

சீக்கிரம் நடந்தால் கெட்டிக்காரப் பிள்ளை என்ற நம்பிக்கைதான் இந்த அவசரத்தின் பின்னால் நிற்கிறது. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் 222 குழந்தைகளை ஏழு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை திரும்பத் திரும்பச் சோதித்த ஆய்வு 2013இல் வெளியானது. எப்போது உட்கார்ந்தார்கள், எப்போது நடந்தார்கள் என்பதற்கும் பின்னாளில் அவர்கள் காட்டிய அறிவுத்திறனுக்கும் தொடர்பு தென்படவில்லை. ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்த வேறு சில ஆய்வுகளில் மெல்லிய தொடர்பு தெரிகிறதே என்று கேட்கலாம். தெரிகிறதுதான். ஆனால் பெருங்கூட்டத்தின் சராசரியில் மட்டும் தென்படும் அந்த நூலிழை வேறுபாட்டை வைத்து, உங்கள் வீட்டுக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல முடியாது.

நடக்காத குழந்தைக்கு மாமா வாங்கி வரும் பிறந்தநாள் பரிசு பெரும்பாலும் வாக்கர். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவரும் என்பது தவறு. தள்ளிப்போடவே செய்கிறது என்பதற்குத்தான் சான்றுகள் இருக்கின்றன. அயர்லாந்தில் 190 குழந்தைகளைப் பார்த்து 2002இல் வெளியான ஆய்வில், வாக்கரில் கழித்த நேரம் மொத்தம் 24 மணி கூடும்போதெல்லாம் தனியாக நடப்பது மூன்று நாளுக்குச் சற்று மேல் தள்ளிப்போயிருந்தது. காரணம் புரியாத ஒன்றல்ல. துணி இருக்கை உடல் எடையைத் தாங்கிக்கொள்கிறது. குழந்தை கால் விரல் நுனியால் தரையை உந்தினாலே போதும். முன்னால் இருக்கும் அகலமான தட்டு தன் பாதத்தையே பார்க்க விடுவதில்லை. நம் ஊர் மர நடைவண்டி இப்படிப்பட்டது அல்ல. அதில் குழந்தை தானே எழுந்து, தன் எடையைத் தன் காலில் வைத்து, பின்னால் நின்று தள்ள வேண்டும். நிற்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அது பயன்படும், அப்போதும் பெரியவர் ஒருவர் கூட நிற்க வேண்டும். வாக்கரில் இன்னொரு ஆபத்து வேகம். எட்டிப் பிடிப்பதற்குள் படிக்கட்டுக்கோ அடுப்புக்கோ போய்விடும். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. நடை பழகுவதற்கு வேண்டியது தரையும் விழும் சுதந்திரமும்தான். நியூயார்க்கில் ஆய்வாளர் கேரன் அடால்ஃப் குழுவினர் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தம் போக்கில் விளையாடுவதைப் படம்பிடித்து எண்ணிப் பார்த்தார்கள். சராசரியாக மணிக்கு 2,368 அடிகள், 17 விழுதல்கள். ஒவ்வொரு முறையும் பதறி ஓடித் தூக்கிக்கொண்டால் அந்தப் பாடம் பாதியில் நின்றுபோகும்.

பிறந்தநாளே தவறான கணக்கைக் காட்டும் சந்தர்ப்பமும் உண்டு. 32 வாரத்தில் பிறந்த குழந்தை, கருப்பையில் இருந்திருக்க வேண்டிய எட்டு வாரத்தை வெளியே கழித்திருக்கிறது. கேக் வெட்டும் நாளில் அதன் வளர்ச்சி வயது பத்து மாதம்தான். இரண்டு வயது வரை இப்படிக் கழித்தே பார்க்க வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை. குறைமாதத்தில் பிறந்த தம்பியை நிறைமாத அக்காவோடு ஒப்பிடுகிற வீடுகளில் இந்த எளிய கழித்தல் கணக்கைக்கூடப் பலர் போட்டுப் பார்ப்பதில்லை.

இனி எதிர்ப்பக்கம். பேச்சு விஷயத்தில் நம் வீடுகள் காட்டும் பொறுமை எனக்கு உண்மையிலேயே அச்சம் தருகிறது. ஆண் குழந்தைகள் பெண் குழந்தைகளைவிடச் சற்றுப் பிந்துவது உண்மைதான். ஆனால் அது ஓரிரு மாத வித்தியாசம், ஓரிரு ஆண்டு அல்ல. "மூத்தது பேசிடுது, அதனால சின்னது பேசல" என்பதிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. பிரான்சில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வில், அண்ணன் உள்ள குழந்தைகள் அக்கா உள்ளவர்களைவிட மொழியில் சராசரியாக இரண்டு மாதம் பின்தங்கியிருந்தார்கள். அங்கும் வித்தியாசம் இரண்டே மாதம். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், பக்கத்து வீட்டில் இந்தி என்று பல மொழி கேட்பதால் பேச்சு வராமல் போகாது. எல்லா மொழிச் சொற்களையும் கூட்டி எண்ணினால் கணக்குச் சரியாக வரும். இந்தச் சமாதானங்கள் எதுவும், பன்னிரண்டு மாதத்தில் மழலை ஒலியோ சுட்டிக்காட்டலோ இல்லாததற்கும், பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட வராததற்கும், இரண்டு வயதில் இரு சொல் சேர்த்துப் பேசாததற்கும் காரணம் ஆகாது. அந்தக் கட்டத்தில் முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் பரிசோதனை. "தட்டைத் தட்டினா திரும்புறானே" என்பார்கள். பின்னாலிருந்து தட்டைத் தட்டும்போது நிழல் அசைகிறது, தரை அதிர்கிறது. கூர்மையான குழந்தை அதற்கே திரும்பிவிடும். கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே குரல் எழுப்பும். வீட்டில் இருப்பவர்கள் ஏமாந்துபோவது இப்படித்தான்.

பிறந்தநாள் குதூகலத்தில் கண்ணில் படாமல் போகும் வேறு இரண்டு அறிகுறிகள் உண்டு. ஒரு வயதுகூட ஆகாத குழந்தை எந்தப் பொருளை நீட்டினாலும் ஒரே கையால் மட்டும் வாங்கினால், "இடது கைப் பழக்கம், தாத்தா மாதிரி" என்று மகிழ்ந்துவிடக் கூடாது. கைப்பழக்கம் அந்த வயதில் உறுதிப்படுவதில்லை; மற்றக் கையில் வலுக்குறைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, வந்த திறன் திரும்பிப் போவது. இங்கேதான் இரண்டு பிள்ளைகள் உள்ள வீடு அதிகம் குழம்புகிறது. தம்பி பிறந்ததும் மூத்த பிள்ளை மறுபடி படுக்கையை நனைப்பதும், பால் புட்டி கேட்பதும், மடியை விட்டு இறங்காமல் அழுவதும் வழக்கமானவை. கவனிப்பும் பொறுமையும் கிடைத்தால் தணிந்துவிடும். ஆனால் பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைவது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, கண்ணைப் பார்க்காதது ஆகியவை பொறாமையால் வருபவை அல்ல. ஆட்டிசத்தில் சில குழந்தைகளுக்கு இப்படித் திறன் இழப்பு தெரிவது பெரும்பாலும் ஒன்றேகால் வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில். அடுத்த குழந்தை வரும் காலமும் பல வீடுகளில் அதுவே. அதனால் பழி பிறந்த குழந்தையின் மேல் விழுந்து, மாதங்கள் கழிந்துவிடுகின்றன.

"அந்தக் காலத்துல யார் டெஸ்ட் எடுத்தா? எல்லாரும் வளரலையா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். வளர்ந்தவர்களை மட்டும் பார்த்துக் கேட்கும் கேள்வி அது. காது மட்டுமே கேட்காதவர்களை 'ஊமை' என்று பெயரிட்டுத் திண்ணையில் உட்கார வைத்ததும் அதே காலம்தான். பரிசோதனைக்குப் போனால் குழந்தைக்குப் பெயர் கெட்டுவிடும் என்ற அச்சம் இன்னும் இருக்கிறது. போகிறவர்களில் பலர் "ஒன்றுமில்லை" என்ற பதிலோடு திரும்புகிறார்கள். குறை இருந்தாலும், அதற்கு ஒரு பெயர் முடிவாகும் வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேட்டால் வழி சொல்வார்கள். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற தேசியத் திட்டத்தின் கீழ், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. செவித்திறன் முற்றிலும் இல்லாத ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவியை அறுவை சிகிச்சை செய்து பொருத்துவதும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தது. ஆனால் ஒலியைப் பேச்சாக்கிக்கொள்ளும் மூளையின் திறன் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகிறது. ஒன்றரை வயதில் அந்த அறுவை சிகிச்சைக்கு வரும் பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சு, ஐந்தரை வயதில் வரும் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.