மறைக்க வேண்டியதும் காட்ட வேண்டியதும்

கம்பளையைத் தாண்டி நுவரெலியாவுக்கு ஏறும் வாகனங்கள் புசல்லாவையில் ஏன் நிற்கின்றன? தேநீருக்காக மட்டுமல்ல, அது வழிநெடுகிலும் கிடைக்கும். வளைவு திரும்பியதும் தேயிலைச் சரிவும் பள்ளத்தாக்கும் கண்ணில் படுகின்றன. அதற்காகவே சாரதி வேகத்தைக் குறைக்கிறார்.

இதை நான் நட்டப்பட்டுத்தான் படித்தேன். சில வருடங்களுக்கு முன் எனது தேநீர்க்கடையின் பின்புறம் தகரக் கூரையுடன் சாமான் அறை ஒன்று கட்டினேன். அதன் மேல் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி, பக்கத்தில் ஜெனரேட்டர். சாமான் வைக்க இடம் கிடைத்தது. ஆனால் ஜன்னலோரம் அமர்ந்தவர்களுக்கு மலை போய்த் தகரம் தெரிந்தது. வான்கள் நிற்பது குறைந்தது. காரணம் விளங்க ஒரு வருடம் சென்றது.

இந்த விடயத்தைப் பெரிய கலையாகவே வளர்த்தவர்கள் கேளிக்கைப் பூங்கா அமைப்பவர்கள். 1955இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வோல்ட் டிஸ்னி தனது டிஸ்னிலாண்டைத் திறந்தபோது அதைச் சுற்றி உயரமான மண்மேடு எழுப்பி மரங்கள் நட்டார். உள்ளே நிற்பவருக்கு வெளியுலகின் வீதியும் கம்பிகளும் தெரியக்கூடாது என்பது நோக்கம். 1969இல் அங்கே திறக்கப்பட்ட 'பேய் மாளிகை'யின் பெரிய கட்டிடம் அந்த மண்மேட்டுக்கு வெளியே இருக்கிறது. மக்கள் காண்பது அழகிய மாளிகை முகப்பை மட்டுமே. உள்ளே நுழைந்ததும் அறையோடு கீழே இறக்கப்பட்டு, சுரங்கவழியால் அந்தக் கட்டிடத்துக்குப் போகிறார்கள். மறைக்க முடியாத சுவர்களுக்கு மரங்களோடு கலந்துவிடும் சாம்பல் கலந்த பச்சை நிறம் பூசுகிறார்கள்.

இன்னுமோர் உதாரணம். புளோரிடாவிலுள்ள டிஸ்னியின் எப்கொட் பூங்காவில் 1984இல் மொரோக்கோ நாட்டுப் பகுதி திறக்கப்பட்டது. அதற்கென மன்னர் இரண்டாம் ஹஸன் தமது நாட்டுக் கைவினைஞர்களை அனுப்பினார். 1994இல் பக்கத்துப் பூங்காவில் உயரமான கோபுரமொன்று எழும்பியபோது, அது மொரோக்கோ கூரைகளுக்கு மேலாகத் தெரியும் என்பது புரிந்தது. ஆகவே கோபுரத்தின் நிறத்தையும் உச்சியையும் மொரோக்கோ கட்டிடங்களோடு ஒத்துப்போகும்படி அமைத்தார்கள். எப்கொட்டில் நிற்பவருக்கு அது உறுத்தாது.

நமது நாட்டிலும் இதற்குப் பாடம் உண்டு. தம்புள்ளைக்கு அருகே 1994இல் திறக்கப்பட்ட கந்தளம ஹோட்டல். சீகிரியாவின் அடிவாரத்தில் காட்டப்பட்ட இடத்தைக் கட்டிடக் கலைஞர் ஜெப்ரி பாவா ஏற்கவில்லை. சுமார் 11 கிலோமீற்றர் விலகி, கந்தளம குளத்தின் கரையிலுள்ள பாறைச் சரிவைத் தெரிவுசெய்தார். ஒரு கிலோமீற்றர் அளவு நீளமான கட்டிடத்தைக் கொடிகளாலும் கூரைத் தோட்டத்தாலும் மூடினார். குகை போன்ற வாசலால் நுழைந்து நடந்தால், திடீரெனக் குளமும் தூரத்தில் சீகிரியாவும் தெரியும். ஹோட்டலுக்குள் இருப்பவர் சீகிரியாவைப் பார்க்கிறார். சீகிரியாவில் நிற்பவர் கண்ணை ஹோட்டல் கெடுப்பதில்லை.

வர்த்தகச் சகோதரர்கள் செய்யக்கூடியவை மூன்று:

1. கட்ட முன்னர் வாடிக்கையாளரின் கதிரையில் அமர்ந்து பாருங்கள். அங்கிருந்து தெரியும் காட்சியும் உங்கள் முதல்தான்.

2. தாங்கி, ஜெனரேட்டர், சாமான் அறை ஆகியவற்றைச் சரிவுக்குக் கீழே வையுங்கள். முடியாவிட்டால் கொடி படர விடுங்கள், பச்சை பூசுங்கள்.

3. உங்கள் சுவர் அடுத்த கடையின் ஜன்னலில் எப்படித் தெரிகிறது என்றும் பாருங்கள். அண்டை வீட்டார் உரிமையைப் பேசும் நாம், அவர் பார்வையை மறைப்பதும் அந்த உரிமையில் சேரும் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஓர் எச்சரிக்கை. மறைக்கச் சொல்வது தகரத்தையே தவிர, சரக்கின் குறையை அல்ல. அது மோசடி.

நான் அறையை உடைத்துக் கீழே இறக்கினேன். கட்டிய செலவும் உடைத்த செலவும் கையை விட்டுப் போயின. பழைய வான்கள் எல்லாம் திரும்பி வரவில்லை, சில வந்தன. எனது தகரத்தால் காட்சி இழந்திருந்த பக்கத்துக் கடைக்காரர்தான் முதலில் வந்து ஸலாம் சொன்னார். அவர் ஒரு வருடமாக வாய் திறக்காதிருந்தது அன்றுதான் எனக்கு உறைத்தது.