விலகலும் விதிகளும்

நுழையும்முன்

வணிகம் நாடுகளை இணைக்கிறது. இணைப்பு வலுப்பெறும்போது பொதுவிதிகள் பிறக்கின்றன. பல நாடுகள் கூடித் தமக்கெனப் பொதுச்சட்டங்களை வகுத்துக்கொண்டு ஒரே சந்தையாக இயங்குவது இருபதாம் நூற்றாண்டு கண்ட புதுமை. அவ்வாறு இணைந்த நாடு ஒன்று விலக முடிவெடுத்தால் அதன் சட்டங்கள் என்னவாகும்? அதன் வணிகர்கள் எவ்விதிகளைப் பின்பற்றுவர்? ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டுப் பிரிட்டன் விலகிய வரலாற்றின் வழியே இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

எல்லையில் ஒரு நண்பகல் உணவு

2021ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், பிரிட்டனிலிருந்து கப்பல்வழி நெதர்லாந்து சென்ற சரக்குந்து ஓட்டுநர் ஒருவரைத் துறைமுகத்தில் சுங்க அலுவலர்கள் நிறுத்தினர். அவர் கையில் இருந்தது இறைச்சி வைத்த ரொட்டி. வழியில் உண்பதற்காக வைத்திருந்த எளிய உணவு. அதனை அலுவலர்கள் பறிமுதல் செய்தனர். இறைச்சியை எடுத்துக்கொண்டு ரொட்டியையாவது தரலாகாதா என அவர் வினவியபோதும் விதி இடம்கொடுக்கவில்லை. நெதர்லாந்துத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான அக்காட்சி ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது.

ஒன்றியத்திற்கு வெளியே உள்ள நாடுகளிலிருந்து வருவோர் இறைச்சியையும் பால் பொருள்களையும் உடன் கொண்டுவரக் கூடாது என்னும் விதி அன்று புதிதாக இயற்றப்பட்டதன்று, நெடுங்காலமாகவே இருந்துவந்தது. சில நாள்களுக்கு முன்புவரை அவ்விதி பிரிட்டனிலிருந்து வருவோரைத் தீண்டவில்லை, இப்போது தீண்டியது. விதி மாறவில்லை, பிரிட்டன் நின்ற இடம் மாறியது. விலகலின் விளைவுகள் பலவற்றையும் விளக்கும் திறவுகோல் இதுவே.

இணைந்த வரலாறு

பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் 1957ஆம் ஆண்டு உரோம் நகரில் கையெழுத்திட்ட உடன்படிக்கையால் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் உருவாயிற்று. பிரிட்டன் 1973 ஜனவரி 1ஆம் நாள் அதில் இணைந்தது. உறுப்பினராகத் தொடரலாமா என்று 1975இல் நடந்த பொது வாக்கெடுப்பில் ஏறத்தாழ 67 விழுக்காட்டினர் தொடர்வதற்கே வாக்களித்தனர். அச்சமூகமே பின்னர் வளர்ந்து, 1993இல் ஐரோப்பிய ஒன்றியம் என்னும் பெயர் பெற்றது.

இவ்வொன்றியத்தின் பொருளாதாரம் இரண்டு தூண்களின்மீது நிற்கிறது. முதலாவது சுங்க ஒன்றியம். உறுப்பு நாடுகளுக்கிடையே சுங்கவரி இல்லை. வெளிநாட்டுப் பொருள் எந்த உறுப்பு நாட்டின் துறைமுகத்தில் இறங்கினாலும் அதற்கு ஒரே வரி. ஊர் முழுமைக்கும் ஒரே மதில் எழுப்பி, உள்ளே தெருவுக்குத் தெரு வாயிற்கதவு வைக்காமல் விடுவது போன்றது இது. இரண்டாவது ஒற்றைச் சந்தை. பொருள், பணி, மூலதனம், மக்கள் ஆகிய நான்கும் தடையின்றிச் சென்றுவர, உணவின் தூய்மை முதல் பொம்மையின் பாதுகாப்பு வரை பொதுத் தரவிதிகள் வகுக்கப்பட்டன. ஒரு நாட்டில் ஏற்கப்பட்ட பொருளை மற்றொரு நாட்டில் மீண்டும் சோதிக்க வேண்டியதில்லை.

எவர் சட்டம் மேலானது?

பொதுச்சந்தைக்குப் பொதுச்சட்டம் தேவை. 1972ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஐரோப்பியச் சமூகங்கள் சட்டத்தின் வாயிலாகப் பிரிட்டன் நாடாளுமன்றம் ஐரோப்பியச் சட்டங்களுக்குத் தன் நாட்டினுள் இடமளித்தது. அவற்றுள் சில, பிரிட்டன் நாடாளுமன்றம் தனியே இயற்றாமலே நேரடியாகச் செல்லுபடியாயின. உறுப்பு நாட்டின் சட்டமும் ஒன்றியத்தின் சட்டமும் முரண்பட்டால் ஒன்றியத்தின் சட்டமே மேலோங்கும் என்பது ஐரோப்பிய நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

இதன் முழுப் பொருளை ஒரு மீன்பிடி வழக்கு உணர்த்திற்று. பிரிட்டன் கொடியுடன் மீன்பிடித்த கப்பல்களுள் சில ஸ்பெயின் நாட்டவர்க்கு உரியவை. அத்தகைய கப்பல்கள் பிரிட்டனில் பதிவு பெறுவதைத் தடுக்க 1988இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டம் ஐரோப்பியச் சட்டத்திற்கு முரணானது எனக் கப்பல் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். ஐரோப்பிய நீதிமன்றத்தின் விளக்கத்தைப் பின்பற்றி, பிரிட்டனின் அன்றைய உயர் நீதி அமைப்பான பிரபுக்கள் அவை 1990இல் தன் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தையே செயற்படாமல் நிறுத்தியது. நாடாளுமன்றமே இறுதி அதிகாரம் உடையது என்னும் மரபில் ஊறிய நாட்டிற்கு இது பேரதிர்ச்சி. 'எம் சட்டங்களை யாமே இயற்றுவோம்' என்னும் முழக்கத்தின் வேர்களுள் ஒன்று இங்கே உள்ளது.

விலகிய முறை

2016 ஜூன் 23ஆம் நாள் நடைபெற்ற பொது வாக்கெடுப்பில் 51.9 விழுக்காட்டினர் விலகவும் 48.1 விழுக்காட்டினர் தொடரவும் வாக்களித்தனர். 'பிரிட்டன்', 'வெளியேறுதல்' என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களை ஒட்டிப் பிறந்த 'பிரெக்சிட்' என்னும் சொல் இவ்விலகலுக்குப் பெயராயிற்று.

ஒன்றிய உடன்படிக்கையின் 50ஆவது பிரிவு விலகும் வழியை வகுத்துள்ளது. விலக விரும்பும் நாடு முறைப்படி அறிவிக்க வேண்டும். அதன்பின் பேச்சுக்கு ஈராண்டு காலம் உண்டு. அவ்வறிவிப்பை அரசு தானே கொடுத்துவிடலாமா, நாடாளுமன்றத்தின் இசைவு வேண்டுமா என்னும் வழக்கில், நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பின்னரே அறிவிக்க வேண்டும் என உச்சநீதிமன்றம் 2017 ஜனவரியில் தீர்ப்பளித்தது. சட்டத்தால் மக்கள் பெற்ற உரிமையை அரசு தன் விருப்பால் நீக்க இயலாது என்பதே தீர்ப்பின் உட்பொருள். அவ்வாண்டு மார்ச் 29ஆம் நாள் அறிவிப்பு அளிக்கப்பட்டது. காலக்கெடு மும்முறை நீட்டிக்கப்பட்டு, 2020 ஜனவரி 31ஆம் நாள் இரவு 11 மணிக்குப் பிரிட்டன் விலகியது. எனினும், இடைக்கால ஏற்பாட்டின்படி அவ்வாண்டு இறுதிவரை பழைய விதிகளே தொடர்ந்தன.

பழைய சட்டங்கள் என்னவாயின?

1972ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கினால் அதன்வழி வந்த ஐரோப்பியச் சட்டங்களும் உடன் நீங்கிவிடும். வேளாண்மை, மருந்து, சுற்றுச்சூழல், தொழிலாளர் நலன் எனப் பல துறைகளில் ஒரே இரவில் வெற்றிடம் தோன்றியிருக்கும். இதனைத் தவிர்க்க, 2018ஆம் ஆண்டின் விலகல் சட்டம் ஐரோப்பியச் சட்டங்களைப் பிரிட்டனின் உள்நாட்டுச் சட்டங்களாகப் படியெடுத்து வைத்தது. விலகும் நோக்குடன் இயற்றப்பட்ட சட்டமே, ஐரோப்பியச் சட்டங்களைக் காக்கும் பணியையும் மேற்கொண்டது.

சொற்களைப் படியெடுத்தல் எளிது. அவற்றின் பின்னுள்ள அமைப்புகளைப் படியெடுத்தல் அரிது. 'ஐரோப்பிய ஆணையம் முடிவு செய்யும்' என்றிருந்த இடங்களில் எல்லாம் பிரிட்டன் அமைச்சரையோ அமைப்பையோ குறிப்பிட வேண்டியிருந்தது. அதற்கெனத் துணைவிதிகள் நூற்றுக்கணக்கில் இயற்றப்பட்டன. வேதிப்பொருள் சட்டம் இதற்குத் தக்க சான்று. அச்சட்டம் பிரிட்டனின் சட்டமாகப் படியெடுக்கப்பட்டது. ஆயின், வேதிப்பொருள்கள் பற்றிய ஆய்வுத் தரவுகள் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரிலுள்ள ஐரோப்பிய முகமையிடமே இருந்துவிட்டன. எனவே, ஏற்கெனவே பதிவு செய்த நிறுவனங்கள் பிரிட்டனில் மீண்டும் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. அதற்கான காலக்கெடுவும் நீட்டிக்கப்பட்டது. இலண்டனில் இயங்கிய ஐரோப்பிய மருந்து முகமையோ 2019இல் ஆம்ஸ்டர்டாம் நகருக்கு இடம்பெயர்ந்தது.

தக்கவைத்த சட்டங்களுள் தனியே காக்கப்படாதவை அனைத்தும் 2023 இறுதியில் காலாவதியாகும் என்று அரசு முதலில் ஒரு முன்வரைவைக் கொணர்ந்தது. எச்சட்டம் எவரைக் காக்கிறது என்று அறியாமலே அதனை இழக்க நேரிடும் எனப் பலரும் எச்சரித்தனர். இறுதியில் ஏறத்தாழ 600 சட்டங்களைப் பெயர்சுட்டி நீக்கி, ஏனையவற்றைத் தொடரச் செய்தது 2023ஆம் ஆண்டுச் சட்டம். ஐரோப்பியச் சட்டத்தின் மேலாண்மையும் அவ்வாண்டோடு முடிவுற்றது. இனி, அச்சட்டங்களை வைத்திருப்பதும் திருத்துவதும் நீக்குவதும் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் விருப்பம்.

> தெரிந்து தெளிவோம்
>
> ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திலிருந்து பிரிட்டனுக்கு முன்பே விலகிய நிலப்பகுதி கிரீன்லாந்து. டென்மார்க்கைச் சேர்ந்த தன்னாட்சிப் பகுதியான அது, 1982இல் நடத்திய பொது வாக்கெடுப்பைத் தொடர்ந்து 1985இல் விலகியது. மீன்பிடி உரிமையே இவ்விலகலின் முதன்மைக் காரணம். எனினும், உறுப்பு நாடு ஒன்று முழுமையாக விலகியது பிரிட்டனின் வரலாற்றில்தான்.

சுங்கவரி இல்லை, சுங்கச் சோதனை உண்டு

2020 டிசம்பர் 24ஆம் நாள் பிரிட்டனும் ஒன்றியமும் வணிக, ஒத்துழைப்பு உடன்படிக்கை ஒன்றில் இசைவுகண்டன. இல்லையெனில், பிரிட்டனில் உருவான மகிழுந்து ஒன்றியத்தினுள் நுழைய 10 விழுக்காடு வரி செலுத்த நேர்ந்திருக்கும். உடன்படிக்கை அவ்வரியை நீக்கியது. ஆனால் ஒரு நிபந்தனை: பொருள் உண்மையிலேயே பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ உருவானதாக இருத்தல் வேண்டும். இதுவே பிறப்பிட விதி. பொதுவாக, மகிழுந்தில் பிறநாட்டு உதிரிப்பாகங்களின் மதிப்பு 45 விழுக்காட்டைத் தாண்டினால் வரிவிலக்கு இல்லை.

இவ்விதியின் விந்தையை ஒரு மிட்டாயின் பயணம் காட்டும். ஜெர்மனியில் செய்த மிட்டாய் பிரிட்டனின் கிடங்கிற்கு வருகிறது, வரி இல்லை. அங்கிருந்து மாற்றமின்றி அயர்லாந்துக்கு அனுப்பப்படுகிறது. ஜெர்மனியும் அயர்லாந்தும் ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளே. ஆயினும், அது பிரிட்டனில் உருவான பொருள் அன்று என்பதால் வரி வந்து சேர்கிறது. முன்பு எல்லையே இல்லாத வழியில் இப்போது ஒரு பொருளுக்குப் பிறப்புச் சான்று தேவைப்படுகிறது.

வரியைவிடவும் சான்றிதழ்களே சிறு வணிகர்களுக்குச் சுமையாயின. இறைச்சி, மீன், பால் பொருள்கள் ஆகியவற்றை அனுப்ப நலச்சான்றிதழ் வேண்டும். பேரளவில் அனுப்பும் நிறுவனத்திற்கு இச்செலவு சிறிது. சில பெட்டிகளை அனுப்பும் சிறு வணிகருக்கு அதுவே இலாபத்தை விழுங்கிவிடும். பிரிட்டனின் சில கடற்பகுதிகளில் எடுக்கப்படும் சிப்பிகள் முன்பு உயிருடன் ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கே தூய்மைப்படுத்தப்பட்டு விற்பனையாயின. வெளிநாட்டுச் சிப்பிகளுக்கு அவ்வழி இல்லை. எனவே, பிரிட்டன் வெளிநாடானதும் அவ்வணிகம் தடைப்பட்டது. இங்கும் விதி மாறவில்லை. பிரிட்டன் நின்ற இடமே மாறியது.

வட அயர்லாந்து என்னும் முடிச்சு

அயர்லாந்துத் தீவில், ஒன்றியத்தின் உறுப்பான அயர்லாந்துக் குடியரசுக்கும் பிரிட்டன் அரசின் கீழுள்ள வட அயர்லாந்துக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் எல்லை உண்டு. முப்பதாண்டு வன்முறைக்கு முடிவுகட்ட வழிவகுத்த 1998ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின், அவ்வெல்லையில் காவல் சாவடிகள் மறைந்தன. அங்கே மீண்டும் சோதனைச் சாவடி எழுந்தால் ஆறிய புண் மீண்டும் கீறப்படும். சாவடியே இல்லையெனில் ஒன்றியத்தின் மதிலில் திறந்த வாயில் ஒன்று உண்டாகும்.

இச்சிக்கலுக்குத் தீர்வாக, பொருள்களைப் பொறுத்தவரை வட அயர்லாந்து ஒன்றியத்தின் பல விதிகளைத் தொடர்ந்து பின்பற்றும் என முடிவாயிற்று. இதனால் சோதனை நிலத்திலிருந்து கடலுக்கு மாறியது. ஒரே நாட்டின் இரு பகுதிகளுக்கிடையே சரக்குகளைச் சோதிக்கும் நிலை உருவாகி, எதிர்ப்பு எழுந்தது. 2023இல் உருவான விண்ட்சர் ஏற்பாடு, வட அயர்லாந்திலேயே தங்கும் பொருளுக்குப் பச்சை வழியும் ஒன்றியத்தினுள் செல்லக்கூடிய பொருளுக்குச் சிவப்பு வழியும் வகுத்தது.

பெற்றதும் இழந்ததும்

விலகலால் பிரிட்டன் பெற்றது, தன் விதிகளைத் தானே வகுக்கும் உரிமை. 2021 முதல் தனக்கெனச் சுங்கவரிப் பட்டியலை வகுத்துக்கொண்டது. 2024 டிசம்பரில் பசிபிக் பகுதி நாடுகளின் வணிக உடன்படிக்கையில் இணைந்தது. இந்தியாவுடன் 2025 ஜூலை 24ஆம் நாள் வணிக உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. ஒன்றியத்தில் இருந்தவரை இத்தகைய உடன்படிக்கையைப் பிரிட்டன் தனித்துச் செய்திருக்க இயலாது. இந்திய ஆடைகளுக்கான சுங்கவரியை நீக்க அது வகைசெய்வதால், திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலும் அதனை எதிர்நோக்குகிறது.

இழந்தது, அருகிலுள்ள பெருஞ்சந்தையில் தடையின்றிப் புழங்கும் எளிமை. பிரிட்டன் மக்கள் ஐரோப்பாவில் தடையின்றி வாழவும் பணிபுரியவும் இருந்த உரிமையும் ஐரோப்பியர் பிரிட்டனில் பெற்றிருந்த அதே உரிமையும் பொதுவிதியாக நில்லாமல் முடிவுற்றன. உணவுப்பொருள் சோதனைகளைக் குறைப்பதற்காக ஒன்றியத்தின் உணவு விதிகளைத் தொடர்ந்து பின்பற்றும் உடன்பாடு ஒன்றை நோக்கிச் செல்ல 2025 மே திங்களில் இருதரப்பும் இசைந்தன. விற்கும் சந்தையின் விதியை விற்பவர் ஏற்றே தீர வேண்டும் என்பதை இது காட்டுகிறது. முன்பு அவ்விதிகளை இயற்றும் அவையில் பிரிட்டனுக்கு வாக்கு இருந்தது, இப்போது இல்லை.

விதியை இயற்றும் உரிமை வேறு. விதிக்கு உட்பட வேண்டிய தேவை வேறு. முன்னது ஒரு வாக்கெடுப்பால் கைக்கு வரலாம். பின்னது வணிகம் உள்ளவரை நீங்காது. இவ்விரண்டையும் எவ்வளவு கொண்டு எவ்வளவு கொடுப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவுசெய்ய வேண்டும். அம்முடிவின் விலையை இறுதியில் செலுத்துவோர் சரக்குந்து ஓட்டுநரும் சிப்பி எடுப்போரும் சிறு வணிகருமே. அவர்களை நினைவிற்கொண்டு எடுக்கப்படும் முடிவே நாட்டுக்கு நலம் பயக்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலுள்ள ஐந்து பொருள்களின் உறைகளில் உருவான இடமும் தரமுத்திரையும் குறிக்கப்பட்டுள்ளனவா எனக் கண்டு அட்டவணைப்படுத்துக.

2. 'விதி மாறவில்லை, பிரிட்டன் நின்ற இடம் மாறியது' – இக்கூற்றைப் பாடத்தில் இடம்பெற்ற இரு சான்றுகளுடன் விளக்குக.

3. 'பொருளாதார ஒன்றியத்தில் இணைவது ஒரு நாட்டின் தன்னுரிமையை வளர்க்கிறதா, குறைக்கிறதா?' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.